மருந்தெழுதாத டொக்டர்

ஆலங்குடாவில் நௌஃபர் மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி பரவியது இரண்டாயிரமாம் ஆண்டில் ஒரு வியாழக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில். உண்மையில் நௌஃபர் சாகவில்லை. அதை வாய் திறந்து சொல்லத்தான் அவரால் முடியவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து ஒரு பெட்டியும் இரண்டு வயது மகளுமாக வெளியேறி வந்து, கற்பிட்டிக் கரையில் ஓலைக் கொட்டில் போட்டுத் திரும்பவும் மீன்பிடித் தொழிலைத் தொடங்கியவர் அவர். மீனைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். அன்று வலையில் நாலு பேத்தை மீன்கள் ஏறியிருந்தன. தொட்டால் வயிற்றை ஊதிப் பந்தாகிவிடும் மீன் அது. நஞ்சு என்று தெரிந்ததால் எல்லாரும் கரையிலேயே வீசிவிடுவார்கள். நௌஃபர் வீசவில்லை. ஈரலையும் சினையையும் தோலையும் எடுத்துவிட்டுச் சதையைச் சமைக்கலாம் என்று சின்ன வயதில் யாரோ சொல்லக் கேட்டிருந்தார்.

"வெட்டுற முறை தெரிஞ்சா ஒண்டும் செய்யாது" என்றார் மனைவி மர்ளியாவிடம்.

"முறை தெரிஞ்ச ஆள் தனியச் சாப்பிடுங்க. எனக்கும் புள்ளைக்கும் பருப்புப் போதும்."

தானே வெட்டி, தானே சமைத்து, தானே சாப்பிட்டார். அரை மணித்தியாலத்தில் உதடு மரத்தது. உறைப்புக் கூடிவிட்டது என்று சிரித்தார். பிறகு நாக்கு, பிறகு விரல்கள். எழும்பிக் கை கழுவப் போனவர் வாசலில் விழுந்தார். அவருடைய கூட்டாளி முபாறக் ஓடிவந்து தூக்கியபோது கண் இமையைக்கூட அவரால் அசைக்க முடியவில்லை. அயலவர்கள் கூடினார்கள். ஒருவர் சாகக் கிடப்பவருக்காக ஓதும் யாசீனை ஓதத் தொடங்கினார். மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்த முபாறக், "மூச்சு இரிக்கி! மூச்சு இரிக்கி!" என்று கத்திக்கொண்டு வீதிக்கு ஓடி, கற்பிட்டியிலிருந்து மிளகாய் ஏற்றிப்போன லொறியை மறித்தார்.

லொறி பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அவருடைய மூச்சு அடங்கிக்கொண்டு வந்தது. அங்கே செயற்கையாக மூச்சு விடவைக்கும் இயந்திரம் இல்லை. அது புத்தளத்தில் இருந்தது. இடையில் ஒரு மணித்தியாலப் பாதை, அதுவும் குண்டும் குழியுமாக. அம்புலன்ஸில் கூடவந்தவர் யூஜீனியா என்ற தாதி. நௌஃபரின் வாயில் முகமூடியைப் பொருத்தி, ஒரு றப்பர் பையைக் கையால் அமத்தி அமத்தி அவருக்கு மூச்சுக் கொடுத்தார். வீட்டில் விட்டுவர ஆளில்லாததால் பன்னிரண்டு வயது மகள் பஹ்மிதாவும் உம்மாவின் மடிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"மகள், நீ எண்ணு" என்றார் யூஜீனியா. "ஒண்டிலயிருந்து அஞ்சு வரைக்கும் எண்ணு. அஞ்சு சொன்னதும் நான் அமத்துவன். அவசரப்படாத."

பஹ்மிதா எண்ணினாள். பாலாவிச் சந்தி வரும்வரை அவளுடைய குரல் நடுங்கியது. அதற்குப் பிறகு நடுங்கவில்லை. எண்ணுவதற்கு நடுநடுவே யூஜீனியா நோயாளியோடு கதைத்துக்கொண்டே வந்தார். "அண்ணன், புத்தளம் கிட்டிட்டுது. பயப்படாதீங்க. உங்கட மகள்தான் எண்ணுறா."

"அவருக்கு எங்க மிஸ் கேக்குது?" என்றார் முபாறக் அழுதுகொண்டே. சாரன் முனையால் மூக்கைத் துடைத்தார். பிறகு மர்ளியாவின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தங்கச்சி, அல்லாஹ்ட நாட்டம் எப்படியோ தெரியாது. ஆனா நௌஃபர்ட போட் எஞ்சினை மட்டும் வேற ஆருக்கும் குடுத்திடாதீங்க. முதல்ல என்னட்டச் சொல்லுங்க."

மர்ளியா அவரைப் பார்த்த பார்வையில் முபாறக் மீதி வழி முழுவதும் யன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

இயந்திரம் நௌஃபருக்காக ஒன்றரை நாள் மூச்சு விட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருடைய சின்ன விரல் அசைந்தது. சனிக்கிழமை காலை தொண்டையிலிருந்து குழாயை எடுத்தார்கள். கட்டிலைச் சுற்றி மர்ளியா, பஹ்மிதா, முபாறக், இன்னும் நாலைந்து பேர். நௌஃபர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கரகரத்த குரலில் அவர் பேசிய முதல் வசனம் இது:

"முபாறக், எஞ்சின் தரமாட்டன்."

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு முபாறக்கை ஆலங்குடாவில் யாரும் காணவில்லை.

நௌஃபர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். யாசீன் ஓதியவர் ஓரிடத்தில் தடுக்கியது, "நல்ல மனிசன், பிடிவாதம்தான் கூட" என்று மச்சான் ஒருவர் பெருமூச்சு விட்டது, மகள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணியது, எல்லாவற்றையும். ஊரில் அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுக்கவில்லை. கடைசியில் முபாறக்கே வந்து பக்கத்தில் குந்தியிருந்து, எஞ்சின் கட்டம் வரும்போது தன் பகுதியைத் தானே நடித்துக் காட்டும் அளவுக்கு அது ஊர்ச் சிரிப்பாகிவிட்டது.

பஹ்மிதாவும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. கை போனது, கால் போனது, நாக்குப் போனது, மூச்சே போனது. காது மட்டும் எப்படி மிஞ்சியது? அதைவிட, கேட்டதை விளங்கிக்கொண்டு ஞாபகம் வைத்திருந்த மூளை எப்படி மிஞ்சியது? நன்றி சொல்ல நண்டு கொண்டுபோன அன்று யூஜீனியாவிடமே கேட்டாள்.

"எனக்குத் தெரியாது மகள்" என்றார் யூஜீனியா. "ஆனா இதுக்கு முந்தியும் ஒராள் எனக்கு இப்படிச் சொல்லியிருக்கிறார். அதாலதான் நான் யாரோடயும் கதைக்காம இருக்கிறதில்ல."

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டாள். "நஞ்சு நரம்பைத் தாக்கும்" என்றார். அப்படியென்றால் மூளையும் நரம்புதானே சேர் என்றாள். அவர் பரீட்சைக்கு வரும் பாடத்தைப் படிக்கச் சொன்னார்.

உயர்தரத்தில் அவள் உயிரியல் படித்தாள். மருத்துவ பீடத்துக்கு மயிரிழையில் கிடைக்காமல் போனது. பெறுபேறு வந்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். மர்ளியா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பஹ்மிதா கண்டிப் பக்கம் விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குப் போனாள். எதற்குப் படிக்கிறோம் என்று அவளுக்கே அப்போது தெளிவில்லை.

தெளிவு வந்தது இரண்டாம் வருடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை விரிவுரையில். நரம்புக் கலத்தின் சுவரில் மிக நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன என்று விரிவுரையாளர் சொல்லிக்கொண்டிருந்தார். அயன் கால்வாய்கள் என்று அவற்றுக்குப் பெயர். சில சோடியத்துக்கு மட்டும் திறக்கும், சில பொட்டாசியத்துக்கு மட்டும். சோடியக் கதவுகள் படபடவென்று திறந்து மூடும்போதுதான் நரம்பில் செய்தி ஓடுகிறது. அந்தக் கதவின் வாயில் போய்ச் சரியாக அடைத்துக்கொள்ளும் நஞ்சு ஒன்று உண்டு, அது பேத்தை மீனில் இருக்கிறது என்றார்.

பஹ்மிதா கையை உயர்த்தினாள். "சேர், என்ட வாப்பா அதைச் சாப்பிட்டிருக்கிறார்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. விரிவுரையாளர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "முன்னுக்கு வந்து சொல்லுங்க" என்றார். அவள் சொன்னாள். எஞ்சின் கதையில் இருநூறு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் பத்து வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். பதில் ஒரே வசனத்தில் வந்தது. மூளைக்கும் உட்காதுக்கும் போகும் இரத்தக் குழாய்களின் சுவர் இறுக்கமானது, அந்த நஞ்சு அதைத் தாண்டி உள்ளே போவது மிகக் கஷ்டம். உடம்பின் நரம்புக் கதவுகளெல்லாம் அடைபட்டுக் கிடக்க, மூளையின் கதவுகள் வழமைபோலத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அன்று பின்னேரம் விடுதியிலிருந்து வீட்டுக்கு அழைத்தாள்.

"வாப்பா, உங்களுக்கு ஏன் காது கேட்டதெண்டு கண்டுபிடிச்சிட்டன்."

"அதுக்கென்ன கண்டுபிடிக்க? முபாறக்கின்ட மனசு எனக்குத் தெரியணுமெண்டு அல்லாஹ் கேக்க வெச்சான்."

"ஓம் வாப்பா. எப்படிக் கேக்க வெச்சானெண்டுதான் நான் கண்டுபிடிச்சன்."

மூளையின் அந்தக் கதவுகளைப் பற்றியே அவள் படிக்கத் தொடங்கினாள். பட்டம் முடிந்ததும் புலமைப்பரிசில் கிடைத்து ஜப்பானில் ஒசாக்காவுக்குப் போனாள். அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை கேட்பதற்கு எளிது. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்தால் முனை தலைமயிரைவிட மெல்லியதாகும். அந்த முனையை நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு தனி நரம்புக் கலத்தின் தோலில் தொட்டு, குழாயின் மறுமுனையை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்ச வேண்டும். தோல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், அந்தக் கலத்தின் கதவுகள் வழியே போகிற மின்சாரத்தை அளக்கலாம்.

ஒட்டவில்லை. முதல் மாதம் ஒட்டவில்லை, இரண்டாம் மாதம் ஒட்டவில்லை. ஏழு மாதத்தில் அவள் உடைத்த கண்ணாடி முனைகளுக்கு அளவில்லை. முனை கலத்தைக் கிழித்துக்கொண்டு போகும், அல்லது ஒட்டுவதுபோல வந்து விலகும். பக்கத்து மேசையில் இருந்த ஜப்பான்காரப் பெண் ஒரு நாளைக்குப் பத்துக் கலங்களை அளந்துவிட்டு வீட்டுக்குப் போவாள். பஹ்மிதா கோப்பி குடித்துக் குடித்து இருப்பாள். ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை. வாப்பாவோடு கதைக்கும்போது எல்லாம் நல்லாப் போகுது என்பாள். உம்மா மட்டும், "குரல்ல ஒரு சந்தோசமும் இல்லியே" என்பார்.

அப்போது நோன்பு வந்தது. பகலில் கோப்பி இல்லை. முதல் மூன்று நாள் தலையிடியில் கண் திறக்க முடியவில்லை. பதினோராம் நோன்பன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வழமைபோல முனையை இறக்கினாள், தொட்டாள், உறிஞ்சினாள். திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு சட்டென்று தட்டையானது. அவள் நம்பவில்லை. வாயிலிருந்து குழாயை எடுக்கவும் பயம். பக்கத்துப் பெண் எழும்பி வந்து பார்த்துவிட்டுக் கைதட்டினாள். அன்று மட்டும் மூன்று கலங்கள் ஒட்டின. அப்போதுதான் பஹ்மிதா தன் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கை நடுங்கவில்லை. ஏழு மாதம் அவளைக் கெடுத்தது அந்த எட்டுக் கோப்பைக் கோப்பி.

"இனி நோன்பு முடிஞ்சாலும் கோப்பி இல்ல" என்று உம்மாவிடம் சொன்னாள்.

"பிளேண்டி? வெறும் தேத்தண்ணிதானே அது?"

"அது ஒரு கோப்பை பரவாயில்ல."

சோடிய மின்சாரத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து அறிய அவர்கள் கலத்தின் மேல் ஒரு துளி நஞ்சு விடுவார்கள். அது பேத்தை மீனின் நஞ்சேதான், சுத்தமாக்கிய தூளாக, சின்னக் குப்பியில் வரும். துளி விழுந்ததும் மின்சாரம் கரைந்து காணாமல் போகும். கழுவிவிட்டால் திரும்பி வரும். முதல்முறை அது திரும்பி வந்ததைப் பார்த்தபோது பஹ்மிதா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். வாப்பாவின் சின்ன விரல் அசைந்தது இப்படித்தான்.

ஒரு முறை ஆய்வுகூடத்தில் எல்லாரும் அவளை இரவுச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அனுமதிப்பத்திரம் பெற்ற சமையற்காரர் மட்டுமே வெட்டலாம் என்று சட்டம் உள்ள கடை. தட்டில் கண்ணாடிபோல மெல்லிய மீன் துண்டுகள் பூவாக அடுக்கியிருந்தன. பேத்தை என்று தெரிந்ததும் பஹ்மிதா தொலைபேசியில் வீட்டை அழைத்துத் தட்டைக் காட்டினாள். உம்மா கத்திய சத்தம் கடை முழுக்கக் கேட்டது. வாப்பா தொலைபேசியைப் பறித்து, மூக்கு மட்டும் தெரியும்படி முகத்துக்குக் கிட்டப் பிடித்தார்.

"மகள், வெட்டினவன் பக்கத்திலயா நிக்கிறான்?"

"ஓம் வாப்பா."

"அவன முதல்ல ஒண்டு சாப்பிடச் சொல்லு."

மொழிபெயர்த்துச் சொன்னதும் சமையற்காரர் தலைகுனிந்து வணங்கி ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டார். பஹ்மிதா எலுமிச்சையும் உப்பும் தொட்டு இரண்டு துண்டு சாப்பிட்டாள். ருசி ஒன்றும் பெரிதாக இல்லை என்று வாப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது.

ஒசாக்காவில் இருந்த ஒன்பது வருடத்தில் அவள் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்று. மூளையில் மற்றக் கலங்களை அடக்கிவைக்கும் கலங்கள் சில உண்டு. பிறவியிலேயே அவற்றின் சோடியக் கதவுகள் பழுதாக இருந்தால் அடக்க ஆளில்லாமல் மூளை கொந்தளிக்கும். குழந்தைக்கு வலிப்பு வரும். அந்தக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்புக் கூடுகிறது. சூடு ஏறும்போது பழுதான கதவுக்குள் என்ன நடக்கிறது? இதைத்தான் அவள் பாகை பாகையாகச் சூட்டை ஏற்றி அளந்தாள். இரண்டு கட்டுரைகள் வந்தன. உலகம் புரளவில்லை. அந்தத் துறையில் வேலை செய்கிற ஒரு நூறு பேர் வாசித்தார்கள், பத்துப் பேர் மின்னஞ்சல் போட்டார்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டின் கடைசியில் கலாநிதிப் பட்டத்தோடு ஊர் திரும்பி, புத்தளத்திலிருந்து இரண்டு மணித்தியால பஸ் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானாள். ஒசாக்கா ஆய்வுகூடம் தான் பாவித்து முடித்த பழைய அளவீட்டுக் கருவி ஒன்றை அவளுக்குப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தது. வைக்க மேசை இல்லாததால் பெட்டி மூலையிலேயே கிடந்தது.

ஆலங்குடாவில் மூளை டொக்டர் வந்துவிட்டார் என்று கதை பரவியது. சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் கதிரைகள் போதாது. முழங்கால் வலி, கழுத்துப் பிடிப்பு, ஞாபக மறதி, பரீட்சைக்குப் படிக்க மனம் வராத பிள்ளை. மர்ளியா எல்லாருக்கும் பிளேண்டி கொடுத்து வரிசையாக உட்கார வைத்தார்.

"உம்மா, நான் மருந்தெழுதுற டொக்டர் இல்ல. எத்தின தரம் சொல்றது?"

"மருந்தெழுதாட்டி என்ன? கதையக் கேளன். கேக்குறதுக்கும் லைசன் வேணுமா?"

பஹ்மிதா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று எல்லாருக்கும் ஒரே மருந்தைச் சொன்னாள். யாரும் கோபிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் கனமூலையைச் சேர்ந்த முஃபீதா. கூடவே ஆறு வயது மகள் றிஷ்னா. பிள்ளைக்கு ஏழாம் மாதத்திலிருந்து வலிப்பு. முஃபீதா அழவில்லை, புலம்பவில்லை. தொலைபேசியை எடுத்து நீட்டினாள். அதில் நாற்பது வீடியோக்கள் இருந்தன. வலிப்பு வரும்போது, முடிந்த நேரமெல்லாம் ஒரு கையால் பிள்ளையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தவை.

"டொக்டர்மாரிட்டப் போனா, எப்படி வருதெண்டு கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. அதுதான் எடுத்து வெச்சன்."

பஹ்மிதா நாற்பதையும் பார்த்தாள். பார்த்து முடிக்க இரண்டு பிளேண்டி ஆறிப்போயின.

"முதல் வலிப்பு வந்த அண்டு காய்ச்சல் இருந்ததா?"

"ஓம். ஊசி போட்டு, காய்ச்சல் வந்து."

"சுடுதண்ணில குளிச்சா?"

முஃபீதா நிமிர்ந்தாள். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்? சுடுதண்ணி ஊத்தினா வரும். வெயில்ல ஓடினா வரும்."

"மார்ச்சுக்குப் பிறகு வீடியோ கூடிட்டுதே. மார்ச்சில என்ன நடந்தது?"

"மருந்து மாத்தினாங்க. முந்தினது நித்திரையாக்குதெண்டு சொன்னதால."

முஃபீதா மருந்துப் பெட்டியைக் காட்டினாள். பஹ்மிதா பெயரை இரண்டு தரம் வாசித்தாள். சோடியக் கதவுகளை மூடுகிற மருந்து அது. பெரும்பாலான வலிப்புக்காரருக்கு அது நல்லதே செய்யும். ஆனால் அடக்கும் கலங்களின் கதவுகள் ஏற்கெனவே பழுதான பிள்ளைக்கு மிச்சமிருக்கும் கதவுகளையும் அது மூடிவிடும். அதை நிறுத்தச் சொல்லத்தான் முதலில் தோன்றியது. ஆனால் வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து. தான் சந்தேகப்படுவது சரிதானா என்பதும் நிச்சயமில்லை.

"ராத்தா, மருந்தை நிப்பாட்டாதீங்க" என்றாள். "நான் ஒரு கடிதம் எழுதுறன். கொழும்பில பிள்ளைகளுக்குரிய நரம்பு டொக்டர் ஒராளிட்டப் போவம். நானும் வாறன்."

அந்தக் கொழும்பு டொக்டர் வேகமாகப் பேசும் பெண்மணி. கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நீங்கள் மருத்துவரா?"

"இல்லை. நான் மூளைக் கலத்தில் மின்சாரம் அளக்கிற ஆள்."

டொக்டர் முகத்தைச் சுளித்தார். பிறகு வீடியோக்களைப் பார்த்தார். ஏழாவதில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். இருபதாவதில் அடுத்த அறையிலிருந்த இளம் டொக்டரைக் கூப்பிட்டார். முடிவில் முஃபீதாவைப் பார்த்து, "இவ்வளவு நல்ல பதிவை என்னிடம் யாரும் கொண்டுவந்ததில்லை" என்றார். மருந்தைப் படிப்படியாக மாற்ற எழுதினார். ஜீன் என்கிற பரம்பரையலகைப் பரிசோதிக்க வெளிநாட்டுக்கு இரத்தம் அனுப்பினார்.

நாலு மாதம் கழித்து வந்த பதில் எதையும் முடித்து வைக்கவில்லை. றிஷ்னாவின் சோடியக் கதவில் ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் இதற்கு முன் யாரிடமும் காணாத மாற்றம், இது நோய்க்குக் காரணமா இல்லையா என்று சொல்ல முடியாது என்று எழுதியிருந்தது. டொக்டர் பஹ்மிதாவை அழைத்தார்.

"இதை அளந்து பார்க்க முடியுமா? இங்கே யாராவது செய்கிறார்களா?"

பஹ்மிதா மூலையில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். "செய்யலாம்" என்றாள். சொன்ன பிறகுதான் பயந்தாள்.

அதற்கு அசையாத மேசை வேண்டும். வீதியில் பஸ் போனால் வரும் அதிர்வுகூட முனையை விலக்கிவிடும். வாங்குவதற்கு வழியில்லை. விஷயம் கேட்ட நௌஃபர், "கல்லுப் பலகையும் அதுக்குக் கீழ காத்தடிச்ச டியூப்பும் போட்டா அசையாது. போட்டை நாங்க உருளையில ஏத்துறேல்லியா?" என்றார். ஒரு புதன்கிழமை காலை பல்கலைக்கழக வாசலில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. உள்ளே அரைத்தொன் கொங்கிறீற் பலகை, நாலு திரீவீல் டியூப்கள், நுரைச்சோலையில் ஒட்டுவேலை செய்யும் ஒருவரிடம் செய்வித்த கம்பிவலைக் கூடு. முன் ஆசனத்தில் நௌஃபரும் முபாறக்கும். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. எட்டு மாணவர்கள் சேர்ந்து பலகையைத் தூக்க, இருவரும் கரையில் வள்ளம் ஏற்றுவதுபோல "ஏலேலோ" போட்டார்கள். பீடாதிபதி யன்னலால் எட்டிப் பார்த்தார்.

மேசை அசையவில்லை. ஆனால் கருவியை முடுக்கியதும் திரை முழுக்க ஒரே அலை. சுவரில் ஓடும் மின்சாரம் எங்கோ கசிந்து அளவுக்குள் நுழைந்தது. கம்பிக் கூடு அதைத் தடுக்கத்தான் இருந்தது, தடுக்கவில்லை. பஹ்மிதா மின்விளக்கை அணைத்தாள், விசிறியை அணைத்தாள், கணினியை மாற்றினாள். பக்கத்து அறைக் குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைக் கழற்றினாள், அதற்கு அங்கிருந்தவர்கள் முறைத்தார்கள். அலை போகவில்லை. மதியம்வரை நிலத்தில் படுத்து ஒவ்வொரு வயராகப் பின்தொடர்ந்தவள், கூட்டின் பின்பக்கம் கை நீட்டியபோது எதுவோ சூடாகத் தட்டுப்பட்டது.

"முபாறக் மாமா, இது உங்கட போனா?"

"ஓம் மகள். சார்ஜ் குறைஞ்சிட்டு, அதுதான் சொருகினன்."

கழற்றினாள். திரையில் கோடு கண்ணாடிபோலத் தெளிந்தது. நௌஃபர் சிரித்த சிரிப்பில் மாணவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

றிஷ்னாவின் மாற்றத்தைக் கொண்ட பரம்பரையலகை ஒசாக்காவில் பக்கத்து மேசையில் இருந்த தோழி செய்து, ஒற்றுத்தாளில் உலர்த்தி, சாதாரணக் கடித உறையில் அனுப்பினாள். தாளில் பென்சிலால் ஒரு வட்டம், அவ்வளவுதான். அதைக் கரைத்து வளர்ப்புக் கலங்களுக்குள் செலுத்தி, அந்தக் கதவுகளை அங்கே முளைக்க வைத்து, பஹ்மிதா ஒவ்வொன்றாக அளந்தாள். நல்ல கதவு எழுபது கலங்களில், றிஷ்னாவின் கதவு எழுபது கலங்களில். இரண்டரை மாதம் எடுத்தது. எது எந்தக் கலம் என்று தனக்கே தெரியாதபடி ஒரு மாணவியைக் கொண்டு குறியிட வைத்திருந்தாள். விருப்பம் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்பது அவள் வைத்திருந்த ஒழுங்கு.

குறியை உடைத்துப் பார்த்த அன்று அவள் தனியாகத்தான் இருந்தாள். சாதாரண உடல் சூட்டில் றிஷ்னாவின் கதவு பாதி மின்சாரத்தைத்தான் விட்டது. நாற்பது பாகைக்கு ஏற்றியதும் ஏறக்குறைய எதையும் விடவில்லை. சுடுதண்ணீரும் வெயிலும் காய்ச்சலும் ஒரே படத்தில் கோடாக விழுந்து கிடந்தன. அவள் முஃபீதாவை அழைக்கவில்லை. முதலில் கொழும்பு டொக்டரை அழைத்தாள், பிறகு படங்களை அனுப்பினாள். டொக்டர் அன்றே முஃபீதாவைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். பிள்ளையின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், எந்த மருந்துகளை ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று சிவப்பு மையால் எழுதினார். இன்னொரு மருந்தைச் சேர்த்தார். காய்ச்சல் தொடங்கினால் உடனே என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதுவித்துக் கொடுத்தார்.

வலிப்பு முற்றாக நிற்கவில்லை. அப்படி நிற்கும் நோயும் அல்ல அது. கிழமைக்கு நாலு, ஐந்து என்று வந்தது, இரண்டு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. றிஷ்னா ஒரு வருடம் பிந்தி முதலாம் வகுப்புக்குப் போனாள். முதல் தவணையில் அவளைப் பற்றி வந்த ஒரே முறைப்பாடு, பாட நேரத்தில் கதைக்கிறாள் என்பது. முஃபீதா அந்த முறைப்பாட்டைப் படம் பிடித்துப் பஹ்மிதாவுக்கு அனுப்பினாள்.

இந்த வருடம் பள்ளிக்கூட விடுமுறையில் முஃபீதா மகளை ஆய்வுகூடத்துக்குக் கூட்டி வந்தாள். பஹ்மிதா ஒரு கதிரையில் தலையணை வைத்துப் பிள்ளையை ஏற்றி, நுணுக்குக்காட்டிக்குள் பார்க்க வைத்தாள்.

"உருண்டை உருண்டையாத் தெரியுதா? அதுக்குள்ளதான் உங்கட கதவு இரிக்கி."

"என்ட கதவா?"

"ஓம். உங்கடதைப் போலவே ஒண்டு செஞ்சி வெச்சிருக்கன்."

"தொறந்தா இரிக்கி?"

"கொஞ்சம் தொறக்குது. சூடு வந்தா தொறக்க மாட்டேங்குது."

றிஷ்னா கண்ணை எடுக்காமல் யோசித்தாள். யோசிக்கும்போது காலை ஆட்டினாள். பஹ்மிதா வழமையாக அந்த மேசைக்குக் கிட்ட யாரும் காலை ஆட்ட விடமாட்டாள். இன்று மட்டும் விட்டாள்.

"அப்ப டொக்டர், அதுக்குச் சூடு வராம ஐஸ்கிரீம் குடுக்கணும்" என்றாள் றிஷ்னா. சற்று நிறுத்தி, "எனக்கும்."

முஃபீதா அதட்ட வாயெடுத்தாள். பஹ்மிதா அதற்குள் வெள்ளை அங்கியைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டாள். ஐஸ்கிரீம் விற்கும் கன்டீன் மதியத்தோடு மூடிவிடும். மூவரும் வேகமாகப் படியிறங்கினார்கள்.